கோட்டுக்குள் அடங்காத சர்வதேசம்

ஓய்வு பெறுவதில் இரண்டு உண்டு. ஆள் ஓய்வு பெறுவது ஒன்று, அவருடைய கை கால்கள் ஓய்வு பெறுவது மற்றொன்று. முன்னதற்கு ஒரு பூங்கொத்து, ஒரு கைக்கடிகாரம், நீட்டி முழக்க நாலு பேர் போதும். பின்னது இருக்கிறதே, அது பலருக்கு நடப்பதே இல்லை. பூங்கொத்து வாங்கிய செய்தி மூளை வரைக்கும் போகும். முழங்காலுக்குப் போய்ச் சேராது.

இப்படிச் செய்தி போய்ச் சேராத ஜீவராசிகளில் தலையாயவர், தேசம் தேசமாகப் போய் ஆடிவிட்டுக் கடைசியில் கோச் ஆகிவிட்ட கூடைப்பந்து ஆட்டக்காரர். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மைதானத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் மற்றவர்களை விட ஒரு தலை உயரமாக நின்று டீ குடித்துவிட்டு, காலிக் காகிதக் கோப்பையைப் பக்கத்திலேயே வாய் பிளந்து நிற்கும் குப்பைத் தொட்டியில் போடாமல், நாலடி பின்னால் போய், ஒரு கண்ணைச் சுருக்கி, மணிக்கட்டை மடக்கி எறிந்து, அது உள்ளே விழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் தேடுவாரே ஒரு மனிதர், அவரேதான்.

நம் ஆளுக்குப் பெயர் சர்வதேசம். பெற்றோர் வைத்தது வேறு. இது அவர் பயிற்சி கொடுக்கும் பிஸ்கெட் கம்பெனிப் பெண்கள் அணி வைத்தது. வந்த முதல் நாளே, "சர்வதேச ஆட்டத்துல யாரும் இப்படி நிக்க மாட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சர்வதேச அளவுல தண்ணியே இப்படிக் குடிக்க மாட்டாங்க" என்றார். மறுநாள் அவர் உள்ளே நுழைந்தபோது, "சர்வதேசம் வந்துடுச்சு, எந்திரிங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது.

அவர் பொய் சொல்பவர் அல்ல. நிஜமாகவே பதினோரு கிளப்புகளுக்கு ஆடியவர். குளிர் தேசம் ஒன்றில் ஆடியிருக்கிறார். அங்கே ரசிகர்கள் கையுறை போட்டுக்கொண்டு கைதட்டுவார்கள், தலையணையில் பஞ்சு தட்டுவது போலக் கேட்கும். ஒரு தீவில் ஆடியிருக்கிறார். அங்கே பந்து கோட்டைத் தாண்டினால் கடலுக்குப் போய்விடும், ஆகவே யாருக்கு நன்றாக நீந்தத் தெரியுமோ அவரே கேப்டன். இன்னொரு ஊரில் கிளப் முதலாளியின் மகனும் அணியில் இருந்தான். பந்து கையில் கிடைத்தால் முதலில் அவனைத் தேட வேண்டும், அவன் பெரும்பாலும் கண்ணாடி முன்னால் இருப்பான்.

"பதினோரு கிளப் என்னைக் கூப்பிட்டாங்க" என்பார் சர்வதேசம்.

"பதினொண்ணாவது கூப்பிட்டதே பத்தாவது விட்டதாலதானே" என்பார் அவர் மனைவி.

போன நாட்டிலெல்லாம் மூன்று வாக்கியம் கற்றுக்கொண்டார். 'இங்கே போடு', 'நான் காலியா நிக்கறேன்', 'முழங்கால் வலிக்குது'. முதல் இரண்டையும் யாரும் காதில் வாங்கியதாகத் தகவல் இல்லை. மூன்றாவதுதான் அவருக்குக் கல்யாணத்தையே முடித்துவைத்தது. ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில், அந்த ஊர் மொழியில் அதைத் திக்கித் திணறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி டாக்டரம்மா, "தமிழ்லயே சொல்லுங்க, எந்தக் கால்?" என்றார். அன்றைக்கு விழுந்தவர்தான்.

அந்த டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும், கூடைப்பந்து ஆடி முடித்தவருடன் குடும்பம் நடத்துவது என்றால் என்ன என்று. கடையில் சாமான் வாங்கப் போனால், தள்ளுவண்டியை யாரும் நெருங்காதபடி இடுப்பால் அணை கட்டிக்கொண்டு போவார். லிஃப்டில் யாராவது பொத்தானை அழுத்தக் கை நீட்டினால், இவர் கை தன்பாட்டில் எழுந்து குறுக்கே வந்து தடுத்துவிடும், பிறகு மன்னிப்புக் கேட்பார். சமையலறையிலிருந்து டாக்டரம்மா ஒரு வெங்காயம் கேட்டால், அது இவர் முதுகுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, வாசற்படியில் ஒரு குதி குதித்து, அவர் கையில் வந்து விழும். முட்டை கேட்பதை அவர் நிறுத்தி வருஷங்களாயிற்று.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

கம்பெனியின் பின்பக்கத்தில், வெண்ணெயும் சர்க்கரையும் மணக்கும் ஒரு பழைய கூடம். ஷிஃப்ட் முடித்துப் பெண்கள் வந்து சேர்வார்கள். நாள் முழுக்க நின்ற கால்கள். கேப்டன், பேக்கிங் பகுதியில் வேலை செய்கிற நெட்டையான அம்மாள், எல்லோருக்கும் பேக்கிங் அக்கா. கூட்டத்திலேயே குள்ளமாகவும் வேகமாகவும் இருப்பவள் க்ரீம் தடவும் பகுதிக்காரி, அவளுக்குப் பெயரே க்ரீம். சர்வதேசம் விசிலை ஊதுவார். "ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டறேன், நல்லாப் பாத்துக்குங்க" என்பார். இந்த வகையினர் இப்படிச் சொன்னால், பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு தடவையில் அவர் பந்தைத் தட்டிக்கொண்டு போவார், இடப்பக்கம் சுழல்வார், எம்பிப் போடுவார், திருப்தி இல்லாமல் மறுபடி போடுவார், 'அந்தக் குளிர் தேசத்துல இதைத்தான்' என்று ஆரம்பித்து அதையும் போட்டுக் காட்டுவார். பெண்கள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, உடைசல் பிஸ்கெட் தின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி அவருக்கு, ஓய்வு இவர்களுக்கு. இவர் நிறுத்தப்போகிறார் என்று தெரிந்தால், பேக்கிங் அக்கா சாந்தமாகக் கையைத் தூக்குவார்.

"சார், அந்த இடது பக்கம் திரும்பினீங்களே, அதுதான் சரியாப் புடிபடல."

இன்னொரு கால் மணி நேரம் ஓய்வு கிடைத்துவிடும்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளுக்குக் கண் உண்டு. பதினோரு கிளப்பில் பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த கண். ஒரு நாள் க்ரீமைக் கூப்பிட்டு, "நீ பந்தை வளையத்துக்குப் போடறதுக்கு முன்னாடி நாக்கைக் கடிக்கற. எதிராளிக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடுது" என்றார். அவள் நம்பவில்லை. கூட இருந்தவர்கள் பார்த்துவிட்டு, "ஆமாடி" என்றார்கள். இப்படி ஒன்றிரண்டு விஷயங்களில் அணி முன்னேறி முன்னேறி, எவரும் எதிர்பாராமல் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது. எதிரே ஒரு காப்பீட்டுக் கம்பெனி அணி. அந்தக் கோப்பையை வைப்பதற்கென்றே அலமாரி செய்து வைத்திருப்பவர்கள்.

இறுதியாட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், கம்பெனியில் ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் சர்வதேசத்தைக் கூப்பிட்டனுப்பினார். மெலிந்த மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜை மேல் இருக்கும் பேனாக்களை நேராக அடுக்குவார். அன்றைக்கு வரிசை மிக நேராக இருந்தது.

"நிர்வாகத்துக்கு இடம் பத்தல, சார். அந்தக் கூடத்தைக் கிடங்கா மாத்தலாம்னு ஒரு பேச்சு. கோப்பை வந்துட்டா நான் தைரியமா வாதாடுவேன். வரலைன்னா மாவு மூட்டைதான். அணியும் கலைஞ்சுடும்."

"வரும், வரும்."

"அதுல இன்னொரு சிக்கல். அரையிறுதியில நீங்க கோட்டைத் தாண்டி உள்ள போயி எதிரணிப் பொண்ணை மறிச்சிருக்கீங்க."

"மறிக்கல. நின்னேன்."

"ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னீங்க."

"சர்வதேச அளவுல பார்த்தா..."

"சார், நடுவர் எழுத்துமூலமாச் சொல்லியிருக்கார். இன்னொரு தடவை ஆட்டத்துல தலையிட்டா வெளிய அனுப்பிடுவாராம். யாரும் மறிக்காம வளையத்துல போடற ஃப்ரீ த்ரோ ஒண்ணும் எதிரணிக்குப் போயிடும். தயவுசெஞ்சு உக்காந்துக்கிட்டே இருங்க."

சர்வதேசம் சத்தியம் செய்தார். மனப்பூர்வமாகத்தான் செய்தார். இவர்களுடைய சத்தியங்களில் பொய்யே கிடையாது. சத்தியம் செய்வது வாய், தாண்டுவது கால். இரண்டும் கலந்து பேசிக்கொள்வதில்லை, அதுதான் தகராறு.

அன்று மாலையே பேக்கிங் அக்கா வீட்டுக்கு வந்தார், சர்வதேசம் நடக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து.

"நாங்க ஜெயிச்சுடுவோம்னு நம்பிக்கை இருக்கு, டாக்டரம்மா. சாரை நெனைச்சாத்தான் பயமா இருக்கு. நாற்காலியோட சேத்துக் கட்டிடலாமான்னு பசங்க கேக்கறாங்க."

"அவர் தலைக்கு எடுத்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா. நானும் இருபது வருஷமாப் பாக்கறேன், தோள்பட்டைக்குக் கீழ சேதி போகாது. தோள்பட்டையைத்தான் புடிக்கணும்" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து உதறினார். கல்யாணத்துக்குத் தைத்தது. அப்போதே கொஞ்சம் பிடித்தது. "இதைப் போட்டா கை மார்புக்கு மேல எழும்பாது. காலுக்குத் தோல் அடி வெச்ச ஷூ. ஓடினா வழுக்கும்."

கோட்டைத் தாண்டாமலிருக்க ஒரு கோட்டு. இறுதியாட்டம் என்றால் சர்வதேச அளவில் எல்லா கோச்சும் கோட்டுதான் போடுவார்கள் என்று டாக்டரம்மா எடுத்து விட்டதும், சர்வதேசம் மூச்சை இழுத்துக்கொண்டு பொத்தானைப் போட்டுவிட்டார். புகழ்ச்சிக்கு மடங்காத வயிறு ஏது?

இறுதியாட்டத்தின் முதல் பாதியில் திட்டம் அபாரமாக வேலை செய்தது. க்ரீம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது சர்வதேசம் துள்ளி எழுந்தார். கோட்டு பிடித்து இழுத்து உட்கார வைத்தது. எதிரணிப் பெண் எம்பியபோது இவர் கைகள் தடுக்கக் கிளம்பி, மார்பளவில் நின்று, பென்குயின் போல இரண்டு தரம் படபடத்து அடங்கின. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா, பேக்கிங் அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் சூடு பிடித்தது. இவர்கள் ஒன்று போட, அவர்கள் ஒன்று போட, அரங்கமே எழுந்து நின்று கத்த, கடைசி நிமிஷத்தில் பிஸ்கெட் கம்பெனி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து க்ரீமிடம். இரண்டு பேர் அவளை நெருக்கினார்கள். அவள் தவித்துப்போய், தூரத்தில் நின்ற பேக்கிங் அக்காவுக்குப் பந்தைத் தூக்கி எறிந்தாள். உயரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பந்து பேக்கிங் அக்காவின் விரல் நுனியைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, நேரே பெஞ்சை நோக்கி வந்தது.

அந்த நேரத்தில் சர்வதேசத்தின் மனசில் என்ன ஓடியது என்று கேட்பீர்கள். ஒன்றுமே ஓடவில்லை. ஓடியிருந்தால் நின்றிருப்பார். பந்து தன்னிடம் வருகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. எத்தனை நாட்டில், எத்தனை மொழியில், 'நான் காலியா நிக்கறேன்' என்று கத்தியிருக்கிறார். ஒருத்தன் போட்டதில்லை. இதோ கேட்காமலே வருகிறது. எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டினார். அக்குள் இரண்டும் டர்ரென்று கிழிந்தன. பிடித்தார், ஒரு அடி வைத்தார், எம்பினார். முழங்கால் இருக்கிற ஞாபகமே இல்லை. அரை மைதானத்துக்கு அப்பாலிருந்து அந்தப் பந்து கிளம்பி, விளக்குகளைத் தொட்டுவிடுவது போல மேலே போய், நிதானமாகக் கீழே இறங்கி, வளையத்தில் படாமல், வலையை மட்டும் ஒரு அசைப்பு அசைத்துவிட்டு விழுந்தது.

அரங்கம் அடங்கிப் போயிற்று. "என்ன ஷாட்டுடி இது" என்று எதிரணிப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அப்புறம் விசில்.

"நான் கோட்டைத் தாண்டலையே. பந்துதான தாண்டிச்சு" என்றார் சர்வதேசம், இரண்டு அக்குளிலும் வெள்ளைச் சட்டை பிதுங்க. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். வாசல் கதவைக் காட்டினார்.

ஃப்ரீ த்ரோவைக் காப்பீட்டுக் கம்பெனிக்காரி கண்ணை மூடிக்கொண்டு போடுவது போலப் போட்டாள். புள்ளிகள் சமம். பந்தும் அவர்களுக்கே.

கதவுக்கு வெளியே நடைபாதை. ஒரு குளிர்பான இயந்திரம், ஒரு ஸ்டூல், அதில் ஒரு காவலாளி. கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது. சர்வதேசம் அதை நோக்கிக் குனிந்தார்.

"பாக்கக் கூடாதுன்னு உத்தரவு, சார். எட்டிப் பாத்தாலும் உள்ள இருக்கற மாதிரிதானாம்" என்றார் காவலாளி.

"அப்ப நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே."

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாதே, சார்."

"தெரிய வேண்டாம். நடக்கறதை அப்படியே சொல்லுங்க போதும்."

காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். "ஓடறாங்க, சார்."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"பந்து யார்ட்ட இருக்கு?"

"நீலச் சட்டைகிட்ட. இல்ல, வேற நீலச் சட்டை. இப்ப யார்ட்டயும் இல்ல, மேல இருக்கு."

"உள்ள போச்சா?" சர்வதேசத்தின் கால்கள் அகன்று, குளிர்பான இயந்திரத்தை யாரும் கடந்து போகாதபடி மறித்து நின்றன. தோல் ஷூ வழுக்கிற்று. இயந்திரத்தையே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போகல, சார். இரும்புல பட்டு வெளிய வந்துடுச்சு. எல்லாரும் அதுமேல விழறாங்க, பாவம். ஆ, சிவப்புச் சட்டை ஒண்ணு எடுத்துடுச்சு. குட்டிப் பொண்ணு. என்னமா ஓடுது."

சிவப்பு இவர்கள். குட்டிப் பொண்ணு க்ரீம்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. நாக்கைக் கடிக்கறாளா?"

"எதுக்கு, சார்?"

"பாருங்கண்ணே."

"இல்ல, சார். வாயை மூடிட்டுத்தான் இருக்கு. வளையத்துக்கிட்டப் போயிடுச்சு. ரெண்டு நீலம் குதிக்குது. இது போடப்போவுது, போடப்போவுது... அட, போடல, சார். பக்கத்துல ஒரு நெட்டை அம்மா நிக்குது, அதுகிட்டக் குடுத்துடுச்சு."

"அப்புறம்?"

கதவு அதிர்ந்தது. உள்ளே கூரை பெயர்ந்து விழுந்த மாதிரி சத்தம்.

"என்னண்ணே ஆச்சு?"

"குதிக்கறாங்க, சார்."

"யாரு குதிக்கறாங்க?"

"சிவப்பு, சார். எல்லாச் சிவப்பும் குதிக்குது. நீலம் எல்லாம் தரையில உக்காந்துடுச்சு."

சர்வதேசம் காவலாளியை ஸ்டூலோடு சேர்த்துத் தூக்கிவிட்டார். கோட்டில் மிச்சமிருந்த முதுகுத் தையலும் அப்போதுதான் போயிற்று. ஆளை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் தானே உட்கார்ந்தார். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. இந்த மாதிரிக் கதவுகளுக்கு வெளியே உட்கார்ந்த அனுபவம் அவருக்கு நிறைய. பதினோரு கிளப்பும் அவரை ஒரு நாள் வெளியே அனுப்பியிருக்கின்றன, சில கைகுலுக்கி, சில அதுவும் இல்லாமல். அனுப்பிய பிறகு யாரும் தேடிக்கொண்டு வந்ததில்லை. ஆகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் முறை என்று, பழக்க தோஷத்தில் பையைத் தேடினார்.

கதவு படாரென்று திறந்தது. பெண்கள் மொத்தமாக வெளியே வந்து விழுந்தார்கள். க்ரீம் அவர் தோளில் தொங்கினாள். காவலாளிக்கும் நாலு பேர் கைகொடுத்தார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை என்றாலும் வாங்கிக்கொண்டார்.

"சார், இன்னிக்கு மேட்ச்லயே உங்க ஷாட்தான் நல்ல ஷாட்" என்றார் பேக்கிங் அக்கா.

"கணக்குல வரலையே."

"வரல. எங்க உசிரை எடுத்துச்சு. ஆனா நல்ல ஷாட்."

சர்வதேசம் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சர்வதேச அளவில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. பின்னாலேயே வந்த டாக்டரம்மா கிழிந்த தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "முழங்கால்?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு" என்றார் சர்வதேசம்.

கம்பெனியின் பழைய கூடம் தப்பியது. மாவு மூட்டைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. பெர்சனல் ஆபீசர் பேனாக்களைக் கலைத்துப் போட்டுவிட்டு, கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த பருவத்துக்கு இந்தக் கால்களை என்ன செய்வது? பேக்கிங் அக்கா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "சார், நீங்க செஞ்சு காட்டினது போதும். இனிமே எங்களுக்கு எதிரா ஆடுங்க" என்றார். இப்போது பயிற்சியில் சர்வதேசம் எதிரணி. பெண்கள் அவரை முட்டி மோதி, சுற்றி வளைத்து, நாக்குத் தள்ள ஓடவிடுகிறார்கள். யாருக்கும் ஓய்வில்லை, பிஸ்கெட்டும் இல்லை. அவருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷமும் இல்லை. முக்கியமான போட்டி என்றால் அன்று காலையிலேயே ஒரு மணி நேரம் ஆடவைத்துவிடுகிறார்கள். மாலையில் மனிதர் நாற்காலியில் சாதுவாக உட்கார்ந்திருப்பார். போன மாதம் ஒரு ஆட்டத்தின் நடுவே குறட்டையே விட்டார். எதிரணி மிரண்டு போய்விட்டது. தன் அணி மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு கோச் தூங்குவான்?

இந்த மனிதரை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கென்ன, நாம் எந்தக் கிளப்புக்கும் ஆடியதில்லை. ஆனால் குழந்தைக்கு ஸ்பூனால் ஊட்டும்போது, அதற்கு முன்னால் 'ஆ' என்று திறக்கிற வாய் யாருடையது? மகள் மேடையில் பாட்டு மறந்து நிற்க, கீழே பத்தாவது வரிசையில் முணுமுணுக்கிற உதடு யாருடையது? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நேற்று மகன் கார் ஓட்டினான். நீங்கள் பக்கத்து இருக்கையில் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். முன்னால் போன லாரி நின்றதும், அங்கே இல்லாத பிரேக்கை ஒரு கால் ஓங்கி மிதித்ததே, அதற்குக் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம் வைக்கச் சொல்லட்டுமா?